'ஆமா' பதில் இல்லை

திருவான்மியூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரமணி உன்னைத் திட்டிக்கொண்டேதான் விசாரிக்கிறாள். அறிவுத்திறன் குறைபாடு உள்ள அந்தப் பெண், தன்னிடம் ஒருவர் தப்பாக நடந்ததைப் பற்றிப் போலீஸிடம் செவ்வாய்க்கிழமை கொடுக்கப்போகும் வாக்குமூலத்துக்கு உன்னைச் சிறப்பாசிரியராகக் கூப்பிட்டிருப்பதையும் ரமணிதான் சொன்னாள். அதனால் இந்த அவசரக் கடிதம்.

என் பயமெல்லாம் '-ஆ' போட்டுக் கேட்கும் கேள்விமேல்தான். "தொட்டாரா?" என்றால் அந்தப் பெண் "ஆமா" என்பாள். "தொடலையா?" என்றாலும் "ஆமா"தான். எதிரில் இருப்பவருக்குப் பிடித்ததைச் சொல்லியே வளர்ந்தவள் அவள். "தள்ளினாரா, இழுத்தாரா?" என்றால் கடைசிச் சொல்தான் திரும்பி வரும். "என்ன நடந்துச்சு, சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு. அந்தப் பத்து விநாடிதான் யாருக்கும் பொறுக்காது. எஸ்.ஐ. அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முன்னே சொன்னது தப்பு போல என்று பதிலை மாற்றிவிடுவாள். இதை அந்த எஸ்.ஐ. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. 'யாரு', 'எங்க' சுலபம், 'எப்போ' கஷ்டம். "அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் நேரம் பிடிபடும். 'ஏன்' வேண்டவே வேண்டாம்டி, அவள் காதில் அது திட்டு.

படத்தைத் தொட்டால் அதன் சொல்லைப் பேசும் ஆவாஸ் செயலியோ, விரலால் காட்டும் படஅட்டையோ, சந்தேகப்படும் ஆளின் படம் மட்டும் இருந்தால் விரல் அங்கேதான் போகும். தெரிந்தவர்கள் எல்லாரும் இருக்கட்டும். 'தெரியாது', 'நீங்க சொன்னது தப்பு', 'போதும்' மூன்றும் கட்டாயம். அவள் கையை யாரும் பிடித்து நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் பிடித்தவர் மனசில் இருப்பதுதான் பதிலாக வரும். அவள் அம்மா பக்கத்தில் இருக்கட்டும், பதில் மட்டும் சொல்ல வேண்டாம்.

ஸ்டேஷனுக்குத்தான் வரணும் என்றால் ஒத்துக்கொள்ளாதே. வீட்டிலோ அவளுக்குத் தோதான இடத்திலோ எடுக்கச் சொல்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173ஆம் பிரிவு. கேமராவில் அவள் கை, உன் கை, கேட்பவர் முகம் எல்லாம் ஒன்றாகத் தெரிய வேண்டும். அதே சட்டத்தின் 183ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் பதிவு செய்வதுதான், கோர்ட்டில் நம் தரப்பு வக்கீல் அவளைச் சாட்சியாகக் கேட்கும் முதல் விசாரணைக்குப் பதிலாக நிற்கும். பிறகு குறுக்கு விசாரணைதான். குறைபாடு இருப்பதாலேயே சாட்சியம் பலவீனமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் நாமே வாயில் போட்டுக் கொடுத்த சொல்லை எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார்.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேள். மயக்கம் தெளிந்த நேரமாகப் பார்த்து வை, அரை மணிக்கு ஒருமுறை நிறுத்து.

செவ்வாய் ராத்திரி போன் பண்ணு. அவளைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். நீ சாப்பிட்டாயா என்று மட்டும் சொல்.

உன்,
சுந்தரி