லீவு கிடைக்காத கேப்டன்

செயின்ட் லூயிஸ்
புதன் ராத்திரி

மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். வழக்கமான வரிதான், ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே ஆவல். நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தங்கச்சியைக் கேட்டால் “தூங்குறாருண்ணே” என்கிறது. பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிற ஆளா நீ? ஆபீஸில் கண்ணசந்தவனுக்கெல்லாம் மெமோ கொடுத்த பாவியல்லவா! அதனால்தான் காகிதம். தபால்காரரிடம் தூங்குகிறேன் என்று சொல்லி அனுப்ப முடியாது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் வளர்கிறான், மகள் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைக்கிறாள், மாப்பிள்ளை (உன்னைச் சொல்லவில்லை) தங்கம். குடும்பச் செய்தி முடிந்தது.

இனி விஷயம். இந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்திருக்கிறார். 1809இல் செத்துப்போனவர். மெரிவெதர் லூயிஸ் என்று பெயர். கிளார்க் என்பவரோடு சேர்ந்து, இந்த ஊர்ப் பக்கமிருந்து கிளம்பி பசிபிக் கடலைத் தொட்டுவிட்டு 1806 செப்டம்பரில் திரும்பினாரே, அவர்தான். அந்தப் பயணம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதற்கப்புறம் அவரை லூசியானா பிரதேசத்துக்கு கவர்னராகப் போட்டார்கள் என்பது என் மாப்பிள்ளைக்கே தெரியவில்லை. கவர்னர் என்றதும் நம் ஊர் மாளிகையை நினைக்காதே. அமெரிக்கா அப்போதுதான் பிரான்சிடம் விலைக்கு வாங்கியிருந்த எல்லைப்புறப் பூமி. இந்த ஊருக்குத் தலைநகரம் என்று பெயர், ஆயிரம் சொச்சம் பேர், அதில் முக்கால்வாசி பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஆண்டுச் சம்பளம் 2,000 டாலர்.

ஸ்கிங்கர் சாலையில் மிசௌரி வரலாற்றுச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. முன்பு யூதர்களின் தொழுகைக் கூடமாம்; பெரிய குவிமாடத்துக்கு அடியில் வாசிப்பு அறை. மாப்பிள்ளை ஆபீஸ் போகும் வழியில் என்னை இறக்கிவிடுவார். இந்தப் பிரதேசங்களின் அரசாங்கக் கடிதங்களையெல்லாம் கிளாரன்ஸ் கார்ட்டர் என்பவர் தொகுத்து, தடித்தடியாகப் போட்டிருக்கிறார்கள். மனு, சிபாரிசு, நியமனம், பில், பில்லுக்குத் தடை, தடைக்குப் பதில். ஓய்வுபெற்ற கருவூலக்காரன் கையில் இப்படியொரு நடப்புக் கோப்பு கிடைத்தால் என்ன ஆவான்? சாப்பிட வரும்படி மகள் போன் பண்ண வேண்டியிருக்கிறது.

முதலில் உன்னைத் திட்ட ஒரு ஆதாரம் தருகிறேன். நம்ம லூயிஸ் கடிதம் எழுதாத ஜாதி. 1807 மார்ச்சில் நியமனம். வந்து ஜாயின் பண்ணியது 1808 மார்ச்! (நம்ம ஆபீஸ் ‘சிவப்பு மை’ ஆசாமி இருந்திருந்தால் ஒரு வருஷத்தையும் சம்பளமில்லா விடுப்பாக்கியிருப்பார்.) அவரைச் செயலாளராக வைத்து, பயணத்துக்கு அனுப்பிய ஜெஃபர்சன் 1808 ஜூலையில் எழுதுகிறார்: போன செப்டம்பரில் பிரிந்ததிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. நாட்டின் ஜனாதிபதி எழுதுகிற கடிதம்! பயணக் குறிப்புகளைப் புத்தகமாக்க பிலடெல்பியா பதிப்பகத்தார் காத்துக்கிடந்தார்கள். அவர்களுக்கும் கடைசிவரை ஒரு வரி போகவில்லை. 1809 ஆகஸ்டில் ஜெஃபர்சன் மறுபடியும் எழுதினார்: பிரெஞ்சு நண்பர்களுக்கெல்லாம் உன் புத்தகத்தைத் தருவதாகச் சொல்லிச் சொல்லி அவர்கள் கண்ணில் நான் திவாலாகிவிட்டேன் என்று. அந்தக் கடிதத்தை பிராட்பரி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் கையில் கொடுத்தனுப்பினார். பிராட்பரி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் கடைசியில். அதற்குள் வாங்கிப் படிக்க ஆள் இல்லை.

லூயிஸுக்குக் கீழே ஒரு செயலாளர், ஃபிரெடரிக் பேட்ஸ். கவர்னர் வராத வருஷத்தில் இவர்தான் எல்லாம் பார்த்தார், வந்தபின் ரெண்டு பேருக்கும் ஆகவில்லை. இவர் எழுதாத நாளில்லை. அண்ணன் தம்பிக்குள் எழுதிக்கொண்ட கடிதமெல்லாம் அச்சில் இருக்கிறது. ஒரு நடன விருந்தில் கவர்னர் தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாராம். இவர் விசுக்கென்று எழுந்து போய்விட்டாராம். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறார், அதுவும் லூயிஸ் செத்த மறுமாசம். படித்ததும் எனக்கு யார் முகம் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆள் கணக்கில் சுத்தம். சுத்தமான ஆட்கள் ஏன் இப்படிக் கசப்பாக இருக்கிறார்கள், மாப்ளே?

சரி, முக்கியமான பில்லுக்கு வருகிறேன்.

பயணத்திலிருந்து திரும்பும்போது ஷெஹேக்கே என்ற மண்டான் இனத் தலைவரை, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து வாஷிங்டனுக்கு அழைத்துப்போனார்கள். 1807இல் திருப்பி அனுப்பப் பார்த்தபோது அரிக்கரா இனத்தார் வழிமறித்துச் சுட்டார்கள், படகுகள் திரும்பிவிட்டன. குடும்பத்தோடு அவர் இங்கேயே மாட்டிக்கொண்டார். 1809 பிப்ரவரியில் லூயிஸ் விலங்குத் தோல் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனிக்கு 7,000 டாலருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்: ஆயுதத்தோடு நூற்றுக்குமேல் ஆளைச் சேர்த்து அவரை ஊர் கொண்டுபோய் விடவேண்டும். பிறகு, வழியில் உள்ள இனத்தாருக்கு அன்பளிப்பாகப் புகையிலையும் வெடிமருந்தும் வாங்க இன்னும் 500 டாலர். அந்த 500க்குத்தான் வந்தது வினை.

அப்போது நடைமுறை இப்படி. கவர்னர் ராணுவத் துறையின் பெயருக்கு ஒரு டிராஃப்ட் எழுதி வியாபாரியிடம் கொடுப்பார். அது கைமாறி வாஷிங்டன் போகும். துறை ஏற்றால் சரி. திருப்பிவிட்டால் கையெழுத்துப் போட்டவன் சொந்தக் கடன். தபால் போக ஒரு மாசம், வர ஒரு மாசம். முன் அனுமதி வாங்கி வருவதற்குள் ஆற்றில் பனி கட்டிவிடும். உனக்கு இது புதுசா?

1809 ஜூலை 15 தேதியிட்டு ராணுவச் செயலர் யூஸ்டிஸ் எழுதினார். 7,000 போதாதா, மேற்கொண்டு 500க்கு எங்களைக் கேட்டாயா, அவ்வளவு பெரிய ஆயுதப் படையை வியாபாரக் கம்பெனியோடு அனுப்புவதைப் பற்றி முன்கூட்டித் தெரிவித்தாயா என்று. மரியாதையான கடிதம்தான். கடைசியில் ஒரு வரி: ஜனாதிபதியைக் (அப்போது ஜெஃபர்சன் இல்லை, மேடிசன்) கலந்தாயிற்று, இதில் உள்ள கருத்துகளுக்கு அவர் ஒப்புதல் உண்டு. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பில்லைத் திருப்பினால் போதாதா? மேலே இருப்பவரும் உன்னை நம்பவில்லை என்று எதற்குச் சொல்லவேண்டும்? இதற்கு முன்பே, சட்டங்களை பிரெஞ்சில் மொழிபெயர்த்ததற்காக எழுதிய 18 டாலர் சொச்சம் டிராஃப்ட் ஒன்றும் திரும்பி வந்திருந்தது. பிரெஞ்சு பேசுகிற ஊரில் சட்டத்தைப் பிரெஞ்சில் போடாமல் வேறென்ன செய்வது!

ஆனாலும் நியாயம் சொல்கிறேன், கேள். யூஸ்டிஸ் வில்லன் இல்லை. புது ஆட்சி, செலவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியில் கிளார்க் பங்குதாரர், லூயிஸின் தம்பியும் பங்குதாரர். கவர்னரின் கூட்டாளிக்கும் தம்பிக்கும் 7,000 டாலர் ஒப்பந்தம் என்றால் நானே பச்சை மையில் ஒரு கேள்வி எழுதியிருப்பேன், நீயும் எழுதியிருப்பாய். எழுதாத மனுஷன் மேல் கேள்வி வந்தால் பதில் சொல்லக் கோப்பில் ஒன்றும் இருக்காது. அங்கேதான் லூயிஸ் சறுக்கினார் என்பது என் கட்சி. பணத்தை அவர் தொட்டதாக எங்கேயும் தெரியவில்லை.

அவர் பதில் ஆகஸ்ட் 18 தேதியிட்டது. அன்றைக்கு அவருக்கு 35 வயசு நிறைகிறது. உங்கள் கடிதம் உண்டாக்கும் உணர்வு உண்மையிலேயே வேதனையானது என்று ஆரம்பிக்கிறார். ஆரன் பர் என்று ஒரு முன்னாள் துணை ஜனாதிபதியை அதற்கு ரெண்டு வருஷம் முன்புதான் தேசத்துரோக வழக்கில் விசாரித்து விட்டிருந்தார்கள். என் நாடு என்னை ஒருநாளும் ஒரு பர் ஆக்க முடியாது, அது என்னை ஏழையாக்கலாம், அதன்மேல் எனக்குள்ள பற்றை அறுக்க முடியாது என்கிறார். கேட்டது 500 டாலருக்குக் கணக்கு. இவர் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்கிறார்! இதை நான் டேபிளில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். வவுச்சரைக் கேட்டால் வாழ்க்கையையே எடுத்து வைப்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும்.

டிராஃப்ட் திரும்பிய செய்தி பரவியதும் கடன்காரர்கள் வாசலில். வாங்கிப்போட்ட நிலத்தையெல்லாம் ஈடாக எழுதிக் கொடுத்தார். கிளார்க் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸைப் பிரிந்ததைச் சொல்கிறார். படிக்க மனசு கனக்கிறது. அந்தக் கடிதங்கள் லூயிவில்லில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து 1988இல்தான் வெளியே வந்தன.

செப்டம்பர் 4ஆம் தேதி பெட்டி நிறையக் காகிதத்தோடு கிளம்பினார், வாஷிங்டனில் நேரில் கணக்குச் சொல்ல. படகில் நியூ ஆர்லியன்ஸ் போய்க் கப்பல் பிடிப்பதாகத் திட்டம். இன்றைய மெம்ஃபிஸ் இருக்கும் இடத்தில் ஒரு கோட்டை. அங்கே இறங்கும்போது உடம்பும் சரியில்லை, மனசும் சரியில்லை. தன் காகிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் தரைவழியே போவதாக ஜனாதிபதிக்கு எழுதுகிறார். அந்தக் கடிதம் முழுக்க அடித்தல் திருத்தல்.

கோட்டையின் தலைவர் கேப்டன் கில்பர்ட் ரஸ்ஸல். இவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். லூயிஸைத் தன்னோடு வைத்துக்கொண்டு காவல் போட்டுக் கவனித்தார். சில நாளில் தெளிந்துவிட்டார். ரஸ்ஸலுக்கும் அதே விவகாரமாக வாஷிங்டன் போகவேண்டியிருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று பேச்சு. லூயிஸ் அவருக்காக ஆறு நாளோ எட்டு நாளோ காத்திருந்தார். ரஸ்ஸல் ஜெனரலுக்கு எழுதிய விடுப்பு விண்ணப்பத்துக்கு உத்தரவு வரவில்லை. கடைசியில் லூயிஸ், நீலி என்ற இன்னொருவரோடு கிளம்பிவிட்டார். வழியில் குதிரைகள் தப்பி, நீலி அவற்றைத் தேடப் பின்தங்கி, லூயிஸ் முன்னே போய், டென்னசி காட்டில் கிரைண்டர் என்பவரின் சாலையோர விடுதியில் தங்கினார். அக்டோபர் 11 விடியலில் துப்பாக்கிக் காயங்களோடு இறந்தார். கொலை என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஜெஃபர்சனும் கிளார்க்கும் அப்படி நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஷெஹேக்கே அந்த செப்டம்பரிலேயே பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலை முடிந்துவிட்டது, மாப்ளே. செலவு நியாயமானதுதான்.

மறு ஜனவரியில் ரஸ்ஸல் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில்தான் இந்த லீவு சமாசாரம் இருக்கிறது. ஒரு விடுப்பு உத்தரவு, மாப்ளே. எந்த மேசையிலோ கிடந்தது.

நம்ம சிநேகிதன் தூக்குச்சட்டி போன வாரம் பேசினான். உன் 17(பி) ஒழுங்கு நடவடிக்கை நோட்டீசையும், பணிக்கொடையை நிறுத்தி வைத்ததையும், ரெக்கவரி தொகையையும் சொன்னான். அந்த ஐப்பசி வெள்ளத்தில் நீ வாங்கிய அரிசிக்கும் பாய்க்கும் படகு வாடகைக்கும் முன் அனுமதி இல்லையாம். கழுத்தளவு தண்ணீரில் நின்றவனிடம் எவன் எந்த அனுமதியைக் கேட்பது என்று அவனும் நானும் திட்டி முடித்தோம். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான்: பீரோ ஃபைலையெல்லாம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொளுத்தப் பார்த்தாயாம், தங்கச்சி பிடுங்கி வைத்ததாம். யாரிடமும் பேசுவதில்லையாம்.

அதனால் நேராகவே கேட்கிறேன். ராத்திரியில் தூக்கம் வருகிறதா? கண்ட எண்ணமும் வருகிறதா? வந்தால் என்னிடம் சொல், அல்லது தங்கச்சியிடம் சொல், டாக்டரிடம் போ. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. உன்னைத் திருடன் என்று எவனும் எழுதவில்லை. ‘விதிமுறை பின்பற்றப்படவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறான். அந்த வரிக்கு நீ மானத்தோடு பதில் சொல்லாதே, வவுச்சரோடு சொல்லு. படகுக்காரர்களின் கைநாட்டு ரசீது, உன் பயண நாட்குறிப்பு, கலெக்டர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறித்துவைத்த அந்தப் பக்கம், முகாம் பதிவேடு. இவ்வளவும் இருந்தால் பின்னேற்பாணை (செலவு செய்தபின் தரும் ஒப்புதல்) கேட்டு நான் வரைவு எழுதித் தருகிறேன். என் வரைவில் ஓட்டை கண்டுபிடித்தவன் ஒருத்தன்தான், அவனும் இப்போது ரிட்டயர்டு.

விசாரணைத் தேதியைத் தங்கச்சியிடம் கேட்டு வாங்கிவிட்டேன். டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றியாயிற்று. மகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், சரியாகிவிடும். அன்றைக்கு நான் கூட வருவேன். எனக்கு லீவு சாங்ஷன் பண்ண இனி எந்த ஜெனரலும் இல்லை.

அதுவரைக்கும் ஃபைலைத் தூக்குச்சட்டியிடம் கொடுத்து வை. அவன் எதையும் படிக்கமாட்டான், பத்திரமாக இருக்கும். தினமும் ராத்திரி உன் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுவேன், எடு.

உன்,
கஞ்சப் பிசினாரி