அந்த எண்ணையும் கொஞ்சம் சொல்லுங்கள்

நாங்கள் தினமும் பயன்படுத்தும் எண்கணிப்பு மென்பொருள் லைப்ரரியைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். எல்லை தாண்டிய எண்ணையும் எரர் செய்தியில் காட்டுங்கள் என்று போன வாரம் நான் அனுப்பிய கோரிக்கையை "பயன்படுத்துபவரின் தவறு" என்று இரண்டே வார்த்தையில் எழுதி மூடிவிட்டீர்கள். தவறு என்னுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. யார் தவறு என்று நான் கேட்கவில்லையே, எங்கே தவறு என்றுதானே கேட்டேன்?

நடந்தது உங்களுக்குத் தெரியும். 200-க்கு 200 கட்டம், அதில் துகள்கள் நகர்கின்றன. ஒவ்வொரு துகளும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கட்டத்தின் வெப்பநிலையோடு அக்கம்பக்கத்து நான்கு கட்டங்களின் வெப்பநிலையையும் எடுத்துக் கூட்டும் ஒரே ஒரு வரி. ராத்திரி ஓடவிட்டுப் போனேன். ஒன்பது மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, காலையில் திரையில் நின்றது இவ்வளவுதான்: "இண்டெக்ஸ் எல்லையைத் தாண்டிவிட்டது". அரே என்பது வரிசையாக அடுக்கிய எண்களின் பட்டியல், இண்டெக்ஸ் என்பது அதில் எத்தனையாவது இடம் என்று சொல்லும் எண். அந்த வரியில் ஐந்து இடத்தில் அரேயைத் தொடுகிறேன். இதில் எது தாண்டியது, எவ்வளவு தாண்டியது? ஒன்றும் கிடையாது. லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், பிரிண்ட் போட்டு மறுபடி ஓட்டினால், லாக் கோப்பு வட்டை நிரப்பிப் பாதியிலேயே நின்றது. அப்புறம் ஆயிரம் படிக்கு ஒருமுறை நிலையைச் சேமித்துவைத்து, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடங்கித் தேடி, மூன்றாம் நாள்தான் பிடித்தேன். வலது சுவரின்மேல் மிகச் சரியாக உட்கார்ந்திருந்த ஒரு துகள். அதன் இடத்தைக் கட்டத்தின் அகலத்தால் வகுத்தால் 200. என் இண்டெக்ஸோ 0 முதல் 199 வரை.

அந்த 200-ஐ மட்டும் காட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணே பாதி விடை. அரேயின் நீளம் எவ்வளவோ அதே எண் வந்தால் லூப் ஒரு படி கூடுதலாக ஓடியிருக்கிறது, இல்லையென்றால் என்னைப்போல யாரோ சுவரை மறந்திருக்கிறார்கள். -1 வந்தால் ஓரக் கட்டத்தில் நின்றுகொண்டு அதற்கும் இடது பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறோம். -9223372036854775808 என்று வந்தால் எங்கோ ஒரு நேன் (NaN, எண்ணே அல்லாத விடை) பிறந்து, அதை முழு எண்ணாக மாற்றியிருக்கிறோம் என்று சந்தேகப்படலாம். அரேயை விட்டுவிட்டு, பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்த இடத்தைத் தேடப் போகலாம்.

எண்ணையும் காட்டினால் "வேகம் குறையும்" என்றும் உங்களில் ஒருவர் சொன்னார். ஐயா, எண்ணையும் அரேயின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தானே எரர் எறிகிறீர்கள்? இரண்டும் கையில் இருக்கும்போதே தூக்கிப் போட்டுவிட்டு எங்களைத் தேடச் சொல்கிறீர்கள். செய்தி எழுதும் செலவு புரோகிராம் விழும்போது ஒரே ஒரு முறை. விழுந்து கிடக்கும் புரோகிராமுக்கு என்ன வேகம் வேண்டிக்கிடக்கிறது? ஃபோர்ட்ரான் மொழிக்கான கம்பைலர் ஜிஃபோர்ட்ரானில் எல்லைச் சோதனையைப் போட்டால் அரேயின் பெயர், எண், எல்லை மூன்றும் வருகிறது. பைத்தானின் எண்கணிப்பு லைப்ரரி நம்பை (NumPy) பெயரைச் சொல்லாது, ஆனால் எண்ணையும் அளவையும் எந்த ஆக்ஸிஸ் (வரிசையா, நெடுவரிசையா என்பதுபோல எந்தத் திசை) என்பதையும் சொல்லிவிடும்.

ஏற்கெனவே எங்களுக்குக் குழப்பம் போதாதா? ஃபோர்ட்ரான், மேட்லேப், ஜூலியா மொழிகளில் இண்டெக்ஸ் வழக்கமாக 1-இல் தொடங்கும், சி, பைத்தான் மொழிகளில் 0-வில். பைத்தானில் -1 என்றால் கடைசி உறுப்பு, ஆர் மொழியில் அதே -1 முதல் உறுப்பைத் தவிர மற்ற எல்லாம். கணினியில் 0.3-ஐ 0.1-ஆல் வகுத்தால் 3-க்குப் பதில் 2.9999999999999996 வருகிறது, தசமத்தை வெட்டினால் 2, எல்லை தாண்டாமலே பக்கத்துக் கட்டத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தப்பு விடை வந்து நிற்கும். சரி, இதெல்லாம் உங்கள் தலையில் கட்ட வேண்டியது இல்லை, கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

கேட்பது ஒன்றுதான். எல்லை தாண்டும்போது எந்த எண் தாண்டியது, அரேயின் அளவு என்ன, எந்த ஆக்ஸிஸ் என்று சொல்லுங்கள். பெயரும் வந்தால் சந்தோஷம், முடியாவிட்டால் பரவாயில்லை. அந்த எண் கட்டாயம் வேண்டும். திருத்தத்தை நானே எழுதி அனுப்பத் தயார், தயவுசெய்து இந்தமுறை மூடுவதற்கு முன் ஒருதடவை படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மூன்று நாளைத் தொலைத்த உங்கள் பயனர்