மானியம் பெறும் சங்கங்களுக்கு ஒரு பக்கத்தில் எழுதிய நிபந்தனை வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

சனசமூக நிலையங்களுக்குப் பிரதேச சபை கொடுக்கும் மானியம், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எடுத்துச் செய்யும் வீதி, மதகு வேலைகள், விளையாட்டுக் கழக உபகரணம், முன்பள்ளிக் கட்டடம் என்று யாழ். மாவட்டத்தில் அரச பணத்தின் ஒரு பங்கு ஊர்ச் சங்கங்களின் கை வழியே செலவாகிறது. கோப்பைத் திறந்தால் சீமெந்து எத்தனை பை, மணல் எத்தனை கியூப் என்பதெல்லாம் இருக்கும். தொழினுட்ப உத்தியோகத்தர் அளந்து ஒப்பமிட்டிருப்பார். கட்டி முடித்த மண்டபத்துக்குள் ஊரில் யார் யார் போகலாம் என்பதை மட்டும் அளப்பார் இல்லை. அரச பணம் வாங்கும் சங்கம் ஊரில் எவரையும் ஒதுக்கக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும் என்கிறேன்.

"அதுதான் அரசியலமைப்பில் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறதுதான். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் காரணமாகப் பாரபட்சம் கூடாது என்கிறது உறுப்புரை 12(2). ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிரானது. ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் போட வேண்டியது. சங்கச் செயலாளர் உறுப்புரிமைப் படிவம் தர மறுத்தது அரசின் செயலா இல்லையா என்று சட்டத்தரணியிடம் கேட்டு முடிப்பதற்குள் அந்த மாதம் போய்விடும். சாதியின் பேரால் கிணறு, கடை, கோயில் போன்ற இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் உண்டு. அதற்கு, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய அயலவர் மேல் பொலிசில் முறைப்பாடு எழுத வேண்டும். எத்தனை பேர் போவார்கள்?

பணத்தோடு நிபந்தனையைக் கட்டினால் கதை வேறு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு இதைத்தான் செய்தது: கூட்டாட்சி அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், தேசிய மூலம் பார்த்து ஒருவரை ஒதுக்க முடியாது. அங்கே தெற்கில் கறுப்பினத்தவருக்கு வேறு வாட்டு வைத்திருந்த வைத்தியசாலைகள், 1966இல் முதியோர் மருத்துவக் காப்புறுதிப் பணம் வரத் தொடங்கியபோது, பிரிவினை இருந்தால் பணம் இல்லை என்று சொல்லப்பட்டதும் சில மாதங்களிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வழிக்கு வந்தன. 1973இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே முறை நீட்டப்பட்டது. நமக்குப் பயன்படும் இன்னொன்றும் அங்குண்டு: பணம் வாங்கியவர் அதில் ஒரு பகுதியை வேறொரு சங்கத்துக்குக் கொடுத்தால் நிபந்தனையும் கூடவே போகும்.

இங்கே ஒதுக்கல் "நீ வராதே" என்று நடப்பதில்லை. சங்கத்தின் யாப்பிலும் (விதிக்கோவையிலும்) வழக்கத்திலும் ஒளிந்திருக்கிறது. புதிய உறுப்பினருக்கு ஏற்கெனவே உள்ள இருவர் சிபாரிசு வேண்டும் என்ற விதி பார்வைக்கு நல்லது. குறிச்சி, அதாவது ஊரின் எந்தப் பகுதியார் என்று பார்த்துச் சிபாரிசு செய்தால் அதுவே பூட்டு. "குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர்" என்றால் அநேகமாக ஆண்தான் பதிவாவார், வாக்கும் அவருக்கே. "தொடர்ந்து மூன்று வருடம் வதிந்திருக்க வேண்டும்" என்றால், 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு இப்போது மீளக் குடியேறும் முஸ்லிம் குடும்பங்களும், முகாமிலிருந்து காணிக்குத் திரும்பியவர்களும் வெளியே நிற்பார்கள். பயனாளித் தெரிவுக் கூட்ட அறிவித்தல் ஒரேயொரு கோயில் வாசலில் ஒட்டப்பட்டால், அந்த வாசலுக்குப் போகாதவருக்குக் கூட்டமே தெரியாது.

எல்லாவற்றிலும் மோசமானது காணி. மண்டபமோ குழாய்க்கிணறோ தனியார் அல்லது ஆலய தர்மகர்த்தா பெயரிலுள்ள நிலத்தில் வாய்மொழிச் சம்மதத்தோடு கட்டப்படுகிறது. பணம் அரசினது, படலைத் திறப்பு ஒருவரது. அனைவரும் பயன்படுத்தலாம் என்ற எழுத்துமூல உடன்பாடு இல்லாத காணியில் வேலையைத் தொடங்கவே விடக்கூடாது. வேலை முடிந்தபின் இதைத் திருத்தவே இயலாது என்று சொல்லலாம்.

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளமும் அப்படித்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இன் அணுகல் ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்கு உண்டு. ஆனாலும் மதிப்பீட்டில் அது ஒரு தனி உருப்படியாக வருவதில்லை. கடைசியில் மிஞ்சிய கொங்கிறீற்றில் ஊற்றப்படுகிறது. பொதுவாக ஏற்கப்பட்ட சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 18 அங்குல உயர அத்திவாரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். 6 அடியில் முடித்தால் ஒன்றுக்கு நான்கு. சக்கர நாற்காலியைத் தள்ளுபவரே பின்னால் விழுவார். மேலே திரும்புவதற்கு 5 அடிச் சதுரத் தளம், கதவுக்கு 3 அடி அகலம், மலசலகூடத்துக்கும் அதே. இவை இல்லாவிட்டால் சாய்தளம் படத்துக்குத்தான்.

ஆகவே ஒப்பந்தத்தோடு இணைக்க ஒரு பக்கம் போதும். எந்தக் காரணங்களால் ஒதுக்கக்கூடாது என்ற வரிசை, மாற்றுத்திறனும் சேர்த்து. 18 வயது கடந்த ஒவ்வொரு வதிவாளருக்கும் தனி உறுப்புரிமை. மறுத்தால் 14 நாளில் எழுத்தில் காரணம். அறிவித்தல் ஒட்ட வேண்டிய குறைந்தது மூன்று இடங்களின் பெயர். முறைப்பாட்டை ஏற்கும் உத்தியோகத்தரின் பதவி. அவர் அந்தச் சங்கத்தின் போசகராக இருக்கக்கூடாது, நம்மூரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இறுதிக் கொடுப்பனவுக்கு முன் தொழினுட்ப உத்தியோகத்தர் அளக்கும் அதே நாளில் சமூக அபிவிருத்தி உத்தியோகத்தர் உறுப்பினர் பதிவேட்டையும் கூட்டக் குறிப்பையும் பார்த்து ஒப்பமிட வேண்டும். பிடிமானம் அந்தக் கடைசித் தவணையில்தான். முழுப் பணமும் போனபின் எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது.

சமயச் சங்கங்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். அறநெறி வகுப்பில் சைவம் மட்டும் படிப்பிப்பது பாரபட்சம் அல்ல. அதே மண்டபத்தில் அரச பணத்தில் நடக்கும் கிளினிக்குக்கு வேறு சமயத்தவர் வரக்கூடாது என்பதுதான் பாரபட்சம்.

நிபந்தனை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரசு கணிசமாக நிதியளிக்கும் அரச சார்பற்ற அமைப்புகளையும் அவை பொதுமக்களுக்குச் செய்யும் சேவை அளவில் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சிறு சங்கத்தோடு மல்லுக்கட்டுவதை விட, பணம் கொடுத்த பிரதேச சபையின் அல்லது செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்பது சுலபம். யாப்பு, ஒப்பந்தம், கொடுப்பனவு உறுதிச்சீட்டு, பயனாளித் தெரிவுக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றின் பிரதியைக் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் தனிப்பட்ட விபரம் என்று மறுக்கப்படலாம். எண்ணிக்கையாகக் கேட்டால் அந்தச் சாட்டு நிற்காது. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை ஏற்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு.

பாரபட்சத்தில் அரச அலுவலருக்கும் கை இருந்தால், ஒரு மாதம் முடிவதற்கு முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்கி வையுங்கள். அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் உயர் நீதிமன்ற மனுவுக்கான ஒரு மாதத்தில் எண்ணப்படாது. முப்பத்தைந்தாம் நாள் போய்ப் பதிந்தால் இந்தச் சலுகை கிடையாது.

ஓய்வுநிலைச் சமூக அபிவிருத்தி உத்தியோகத்தர்,
யாழ்ப்பாணம்.