ஓட்டிசத்தின் நான்கு வகைகளும் எங்கள் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓட்டிசம் எனும் மூளை வளர்ச்சி வேறுபாட்டில் நான்கு வகைகள் உள்ளதாக விஞ்ஞானிகள் கண்டறிந்தனர் என்ற செய்தி பரவிய நாள்முதல், எங்கள் பெற்றோர் சந்திப்புகளில் "உங்கட பிள்ளை எந்த வகை?" என்ற கேள்வி ஓயாமல் எழுகின்றது. ஓட்டிசமுள்ள பத்து வயது மகனின் தாயாக இதற்குச் சற்று விளக்கம் தர விரும்புகின்றேன்.

2025 யூலையில் வெளியான அந்த ஆய்வு, அமெரிக்காவில் 5,000 க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் வழங்கிய விபரங்களைக் கணினியால் பகுத்து, அவர்களை நான்கு கூட்டங்களாகப் பிரித்தது. கதைக்கவும் நடக்கவும் பிந்தாத, ஆனால் பழகுவதில் இடர்ப்பாடும் பதற்றமும் உள்ள பிள்ளைகள் ஏறக்குறைய 37 வீதம். எல்லா வகையிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் 10 வீதம். பின்னைய கூட்டத்தில், தாய் தந்தையரிடம் இல்லாது பிள்ளையிலேயே புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது எனினும், "யாற்றை பரம்பரையிலை இருந்தது?" என்று தாய்மாரைக் குடையும் உறவினர்கள் இதை அறிய வேண்டும். ஆயினும், தனியொரு பிள்ளையைக் கிளினிக்கில் வைத்து இன்ன வகை என்று தீர்மானிக்கும் பரிசோதனை எதையும் அந்த ஆய்வு தரவில்லை.

வகைப்பெயர்கள் முன்னரும் மாறியுள்ளன. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் 1994 இல் தனியாக இடம்பெற்ற அஸ்பேர்கர் (கதைக்கப் பிந்தாத பிள்ளைகளுக்கு இடப்பட்ட வகைப்பெயர்), 2013 இல் ஏனையவற்றுடன் சேர்த்து ஓட்டிசம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவரப்பட்டது. ஒரேவிதமான பிள்ளைகளுக்கு மருத்துவ நிலையத்துக்கு நிலையம் வெவ்வேறு பெயர் இடப்பட்டமை அதற்கொரு காரணம். அப்போது வந்த மூன்று நிலைகள், பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவை என்பதையே குறிக்கின்றன; மூன்றாம் நிலைக்கே கூடிய உதவி தேவை. இங்கோ அதைப் புற்றுநோயின் ஸ்ரேஜ் போல விளங்கிக்கொள்கின்றோம். என் மகனுக்கு மூன்று வயதில் "மூன்றாம் நிலை" என எழுதப்பட்டிருந்ததைப் பார்த்த ஒரு முன்பள்ளி, அவனை ஒருநாள்கூட வைத்துப் பார்க்காமல் திருப்பி அனுப்பியது. இன்று அவன் சிறு வசனங்களில் கதைக்கின்றான், என்னோடு கடைக்கு வந்து சாமான் எடுத்துத் தருகின்றான். திருவிழாத் தவிலின் ஓசையை மட்டும் இன்னமும் தாங்க மாட்டான்.

2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, இந்த நிலை எண்களுக்குப் பதிலாகப் பிள்ளையின் அறிவு வளர்ச்சியையும் அன்றாடத் தேவைக்கு மொழியைப் பயன்படுத்தும் ஆற்றலையும் தனித்தனியே நோக்குகின்றது. பெற்றோருக்கு இதுவே கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

எனவே தங்கள் பத்திரிகை இனி இவ்விடயத்தை எழுதும்போது, "மூன்றாம் நிலை ஓட்டிசம்" என்பதற்குப் பதிலாக "கூடிய உதவி தேவைப்படும் பிள்ளை" என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இவ்வண்ணம்,
ஒரு தாய்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.