ஸ்கி சப்பாத்து: திருகா, கொளுக்கியா?

ஆசிரியருக்கு,

பனிச்சறுக்குக்குப் போடும் ஸ்கி சப்பாத்து பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சப்பாத்தைப் பூட்டும் கொளுக்கியின் (பக்கிள்) காலம் முடிந்துவிட்டது, பிள்ளைகளை ஸ்கிலாகருக்கு (ஸ்கி முகாமுக்கு) அனுப்பும் பெற்றோர் இனிச் சுற்றி இறுக்கும் திருகு வைத்த சப்பாத்தையே பார்த்து வாங்கவேண்டும் என்று அதில் இருந்தது. நான் பதினான்கு வருடமாக சுவிஸின் பெர்னர் ஓபர்லாண்ட் மலைப்பகுதியில் ஒரு ஸ்கி வாடகைக் கடையின் பட்டறையில் நிற்கிறவன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

திருகைக் குறை சொல்ல வரவில்லை. போவா என்ற அமெரிக்க நிறுவனம் 2001இலேயே, ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்ட்டுக்கான சப்பாத்தில் அதைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஸ்னோபோர்ட் சப்பாத்து மெதுமெதுவென்று இருக்கும். ஸ்கி சப்பாத்தின் வெளி ஓடு கெட்டிப் பிளாஸ்டிக். விடியக் குளிரில் அதற்குள் காலை நுழைப்பதே ஒரு மல்லுக்கட்டு. அந்த ஓட்டை இழுத்து மூடக்கூடிய திருகு 2023-24 பருவத்தில்தான் சலமோன், அட்டோமிக், ஃபிஷர், கே2 நிறுவனங்களின் சப்பாத்துகளில் வந்தது. பாதத்தின் மேலே இருந்த இரண்டு கொளுக்கிகளுக்குப் பதில் ஒரு வட்டத் திருகு. சுற்றச் சுற்ற, மெல்லிய உருக்குக் கம்பி ஓட்டின் இரு பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். கெண்டைக்கால் பக்கம் பழைய கொளுக்கிகளே இருந்தன. நானும் போட்டுப் பார்த்தேன். கொளுக்கி ஓரிடத்தில் அமத்தும்; இது பாதம் முழுவதையும் பொத்திப் பிடிக்கிறது. புறங்கால் உயர்ந்தவர்களுக்கு நல்ல சுகம். கையுறையைக் கழற்றாமலே, மலைக்கு ஏற்றும் லிஃப்டில் இருந்தபடி கொஞ்சம் தளர்த்தவும் செய்யலாம்.

சரி, பிறகு ஏன் இந்தக் கடிதம்?

போன பெப்ரவரியில் ஒரு தமிழ்த் தகப்பன் தன் மகளோடு வந்தார். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது இருக்கும். "அண்ணை, திருகு வைச்சதெண்டு இன்ரநெட்டில பாத்து வாங்கினனான். பிள்ளை கால் விறைக்குது எண்டு அழுறாள்" என்றார். யாரோ போட்டுவிட்டு விற்ற பெரியாட்களின் சப்பாத்து. எண் 25.5. பிள்ளையை அளவுப் பலகையில் ஏற்றினேன். 23. ஸ்கி சப்பாத்தின் எண் வேறொன்றுமில்லை, பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். வளரும் பிள்ளை என்று பெரிதாக எடுத்திருக்கிறார். இடைவெளியை நிரப்ப அம்மா இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை போட்டு அனுப்பியிருந்தா.

உள்சப்பாத்தை வெளியே இழுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை வைக்கச் சொன்னேன். பெருவிரல் முன்னால் முட்டி நிற்கும்போது குதிக்காலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். இவளுக்கு என் இரண்டு விரலைச் சேர்த்து வைத்தும் இடம் மிச்சம். ஒவ்வொரு திருப்பத்திலும் குதி எழும்பியிருக்கிறது. எழும்ப எழும்பப் பிள்ளை திருகை முறுக்கியிருக்கிறாள். கம்பி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. இறுக்கிய இறுக்கில் புறங்காலில் இரத்தம் ஓட இடமில்லை, கால் விறைக்காமல் என்ன செய்யும்? சாதாரண நாலு கொளுக்கி வைத்த வாடகைச் சப்பாத்து ஒன்றை, ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு போட்டு அனுப்பினேன். பின்னேரம் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவளுக்குக் கழற்றவே மனமில்லை.

இன்னொரு விஷயம், பழுது. கொளுக்கியின் வளையம் முறிந்தால் என் லாச்சியில் பழைய சப்பாத்துகளில் கழற்றி வைத்தது நூறு கிடக்கும். திருப்புளி ஒன்று, ஐந்து நிமிடம். இந்தப் பருவம் ஒருவர் தன் ஸ்கியின் விளிம்பாலேயே கம்பியை அறுத்துக்கொண்டு வந்தார். சப்பாத்து உள்ளவரை திருகுக்கும் கம்பிக்கும் போவா உத்தரவாதம் கொடுக்கிறது, அது உண்மை. ஆனால் அந்தக் கம்பியை எங்கள் கடை வாங்கி வைத்திருக்கவில்லை. பிழை எங்களுடையதுதான். அவருடைய மிச்ச லீவோ வாடகைச் சப்பாத்தில் போனது.

கொளுக்கியைப் பழசு என்று எழுதியதும் கொஞ்சம் உறுத்தியது. 1955இல் ஹென்கே நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது இங்கே சுவிஸில், ஸ்டைன் அம் ரைன் என்ற ஊரில். அதற்கு முன் எல்லோரும் விறைத்த விரலால் கயிறுதான் கட்டினார்கள். அப்போதும் யாராவது பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதியிருப்பார்கள், என்னைப் போல.

கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: கொளுக்கிச் சப்பாத்தைப் பூட்டவே பலருக்குத் தெரியாது. குதியை நிலத்தில் இரண்டு தரம் தட்டிப் பின்னால் தள்ளி, முதலில் மேல் கொளுக்கிகளைப் பூட்டி, முழங்காலை முன்னுக்கு வளைத்து வளைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் கீழே வரவேண்டும். விரல் பக்கத்துக் கொளுக்கி திறபடாமல் இருந்தால் போதும். அதைத்தான் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறார்கள். குளிருக்கு உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் நுனியைச் சப்பாத்துக்குள் செருகி அனுப்பாதீர்கள். மத்தியானத்துக்குள் கெண்டைக்காலில் கயிறு கட்டிய மாதிரித் தழும்பு வரும்.

ஸ்கிலாகருக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடதாசியில் கால் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் நான் திருப்பித்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
வாடகைப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
பெர்னர் ஓபர்லாண்ட், சுவிஸ்