டைபீரியஸின் நாணயமும் எரிக்கப்பட்ட வரலாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முசிறித் துறைமுகத்தையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்த யவன வணிகத்தையும் பற்றிக் கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். கணவாயை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழி மாணவர்களுக்கு நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் நான். ரோமப் பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் ஆட்சியை 'அமைதியும் அறிவும் தழைத்த பொற்காலம்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. மிளகு வணிகம் தழைத்தது உண்மைதான். ஆனால் அதே ஆட்சியில் வரலாறு எழுதியவர்கள் பட்ட பாடு அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோகிறது.

பொள்ளாச்சி, வெள்ளலூர்ப் புதையல்களில் கிடைத்தவற்றுள் மிகுதியானவை இந்த இருவரின் வெள்ளிக் காசுகளே. அவற்றில் டைபீரியஸின் காசு நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. ஒரு பக்கத்தில் அவன் தலையைச் சுற்றி, 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்ற பொருள்படும் எழுத்துகள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் கையில் கிளையுடன் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். தன்னைப் பற்றி உலகம் என்ன நினைக்க வேண்டும் என்று பேரரசன் விரும்பினானோ அதுவே அந்தக் காசு.

அவன் விரும்பாததை எழுதியவர் கிரெமூட்டியஸ் கார்டஸ். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸைத் தம் வரலாற்று நூலில் புகழ்ந்தார், அவருடைய கூட்டாளி காசியஸை 'கடைசி உண்மையான ரோமானியர்' என்றார் என்பதற்காகக் கி.பி. 25இல் அவர்மீது செனட் சபையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்த இருவரும் கி.மு. 42லேயே மாண்டுபோனவர்கள். 'செத்து அறுபத்தாறு வருஷமானவரைப் புகழ்ந்தால் அது எப்படி சார் ராஜதுரோகம் ஆகும்?' என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். ஏறத்தாழ அதே கேள்வியைத்தான் கார்டஸும் சபையில் எழுப்பியதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார்: தம் செயலில் குற்றம் காண முடியாததால்தான் சொல்லின்மீது வழக்குத் தொடுக்கிறார்கள் என்றும், சீசரின் எதிரியான பாம்பியை வரலாற்றாசிரியர் லிவி அவ்வளவு போற்றியும் அகஸ்டஸ் லிவியைப் 'பாம்பி கட்சிக்காரர்' என்று அழைத்ததோடு நிறுத்திக்கொண்டார், நட்பு முறியவில்லை என்றும் கார்டஸ் வாதிட்டாராம். குற்றம் சாட்டியவர்கள் பேரரசனின் வலக்கையாக இருந்த செஜானஸின் ஆட்கள். பாம்பியின் அரங்கில் செஜானஸுக்குச் சிலை வைத்தபோது, 'இப்போதுதான் அரங்கம் உண்மையில் அழிந்தது' என்று கார்டஸ் சொன்னதைத் தத்துவஞானி செனேகா குறித்து வைத்திருக்கிறார். தீர்ப்பு எப்படி வரும் என்பது தெரிந்துவிட்டதால், அதற்குக் காத்திராமல் அவர் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். நூல்களை எரிக்கச் சபை ஆணையிட்டது.

அகஸ்டஸின் காலமும் இதில் முற்றிலும் கறைபடாததன்று. வரலாறு எழுதிய டைட்டஸ் லபீனஸின் நூல்கள் அப்போதே எரிக்கப்பட்டன. அதைப் பொறுக்காமல் அவர் தம் முன்னோரின் கல்லறைக்குள் புகுந்து மாண்டார்.

செனட் கூடியது, தேர்ந்தெடுக்கப்பட்ட கான்சல்கள் என்னும் தலைமை அதிகாரிகள் பதவியேற்றார்கள், பேரரசர்களுக்கு முந்தைய குடியரசின் பெயர்கள் யாவும் அப்படியே இருந்தன. பெயர்கள் இருக்கும்போதே சுதந்திரம் போய்விட்டதை ஒரு சமூகம் எப்படி உணரும்? பழைய குடியரசின் மனிதர்களை இன்னார் என்று எழுதும் உரிமை மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துத்தான் உணர முடியும் என்று நான் கருதுகிறேன். பின்னாளில் வந்த பேரரசன் டொமிஷியனின் ஆட்சியில் பதவிகள் வகித்த டாசிட்டஸே, அவன் இறந்த பிறகு கி.பி. 98இல் தம் மாமனாரின் வாழ்க்கையை எழுதியபோது, மௌனமாய்க் கழிந்த பதினைந்து ஆண்டுகளை வேதனையோடு ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கார்டஸின் நூல்படிகளை அவருடைய மகள் மார்சியா மறைத்துக் காப்பாற்றினார். டைபீரியஸுக்குப் பின் காலிகுலா ஆட்சிக்கு வந்ததும் அவை மீண்டும் வெளிவந்தன. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை சில துணுக்குகளே. கணவாய் வணிகத்தைப் பற்றிய அந்தத் தொடரின் அடுத்த பகுதியில் டைபீரியஸின் காசுப் படத்தை வெளியிடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதன் அருகில் கார்டஸுக்கும் மார்சியாவுக்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.