நண்பகல் மின்சாரமும் மின்தேவைக் கட்டணமும்: ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சோலார் பேனல் தயாரிக்கும் சிறிய ஆலையொன்றின் மின்சாரப் பொறுப்பு என்னுடையது. இதே கோரிக்கையைக் கன்னடத்தில் முறைப்படி தனியே அனுப்பியிருக்கிறேன். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும், எல்லைக்கு அப்பால் ஓசூரிலும் ஆலை நடத்தும் தமிழ் நண்பர்கள் படித்து, பிழை இருந்தால் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதற்காகவே தமிழிலும் எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான்: வெயில் நேரத்தில் பேட்டரித் தொகுப்பைச் சார்ஜ் செய்வதற்காக ஓர் ஆலை கூடுதலாக இழுக்கும் மின்சாரத்தை, அந்த மாதத்தின் உச்ச மின்தேவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உச்ச மின்தேவை என்பது ஆலை அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் மிக அதிகமாக இழுத்த அளவு. யூனிட் விலை போக, அந்த அளவுக்குத் தனியே கட்டுவதுதான் மின்தேவைக் கட்டணம்.

சோலார் பேனல் செய்பவருக்கே மின்கட்டணம் ஒரு கவலையா என்று சிரிப்பவர்கள் உண்டு. எங்கள் கூரை முழுவதும் பேனல்தான். ஆனால் அது பகல் நேரத் தேவையில் ஒரு பகுதியைத்தான் தாங்கும், இரவு ஷிப்டுக்கு ஒன்றும் தராது. வெயிலை மின்சாரமாக்கும் செல்களைக் கோத்துப் பற்றவைக்கும் ஸ்ட்ரிங்கர், கண்ணாடியையும் செல்லையும் இவிஏ என்ற பிளாஸ்டிக் படலத்தையும் வெற்றிடத்தில் ஏறத்தாழ 145 டிகிரி வெப்பத்தில் ஒட்டும் லேமினேட்டர், அவற்றுக்குக் காற்றும் குளிரும் தரும் கம்ப்ரசர், சில்லர் எல்லாம் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. லேமினேட்டரை அணைத்து அணைத்து ஓட்டினால் திரும்பச் சூடாக்குவதிலேயே காசு போய்விடும். ஆகவே மாலை உச்ச நேரத்தில் வேலையை நிறுத்திவையுங்கள் என்ற அறிவுரை எங்களுக்குப் பொருந்தாது. நாங்கள் செல்லை வாங்கிப் பேனல் செய்பவர்கள். செல்லையே செய்பவர்களின் உலைகள் 800 டிகிரிக்கு மேல் எரிகின்றன. சோலார் தயாரிப்புகளுக்கான ஒன்றிய அரசின் அங்கீகாரப் பட்டியலுக்கு உட்பட்ட திட்டங்களில் 2026 ஜூன் முதல் செல்லும் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும் என்று வந்திருப்பதால், அத்தகைய ஆலைகள் பெருகும். அவற்றின் இரவு பகல் சுமையும் கூடும்.

சுமையை நகர்த்த முடியாதவருக்கு, பகலில் சேமித்து மாலையில் எடுக்கும் பேட்டரியே வழி. ஒன்றிய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-இல் செய்த திருத்தத்தின்படி, தொழில் நுகர்வோருக்கு வெயில் நேர யூனிட் விலை வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேர விலை குறைந்தது 1.2 மடங்காகவும் இருக்க வேண்டும். ஆனால் இந்த ஏற்ற இறக்கம் யூனிட் கட்டணத்துக்கு மட்டுமே. மின்தேவைக் கட்டணத்துக்கு நேரம் காலம் தெரியாது. மாதத்தில் எந்தப் பதினைந்து நிமிடம் மிக அதிகமாக இழுத்தோமோ, அது நண்பகலானாலும் இரவு எட்டு மணியானாலும் ஒன்றுதான்.

இது என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே வைக்கிறேன். எளிமைக்காக யூனிட் விலை 7 ரூபாய், மின்தேவைக் கட்டணம் ஒரு கேவிஏவுக்கு (மின்தேவையை அளக்கும் அலகு; இங்கே ஒரு கிலோவாட்டுக்குச் சமம் என்று கொள்கிறேன்) மாதம் 350 ரூபாய், பேட்டரிக்குள் போனதில் திரும்பி வருவது 87 சதவீதம் என்று கொள்வோம். ஒரு நாளில் 1,000 யூனிட்டை நண்பகலில் 5.60 ரூபாய்க்கு வாங்கிச் சேமித்தால் செலவு 5,600 ரூபாய். மாலையில் கிடைக்கும் 870 யூனிட், 8.40 ரூபாய் வீதம் 7,308 ரூபாயை மிச்சப்படுத்தும். நாளுக்கு 1,708 ரூபாய். 26 வேலை நாளுக்கு 44,408 ரூபாய். ஆனால் நான்கு மணி நேரத்தில் சார்ஜ் செய்ய 250 கிலோவாட் கூடுதலாக இழுக்க வேண்டும். சுமை நாள் முழுவதும் ஒரே சீராக உள்ள ஆலையில் அது அப்படியே உச்சத்தின் மேல் ஏறி, 87,500 ரூபாய் கூடுதல் மின்தேவைக் கட்டணமாகிறது. மெதுவாகச் சார்ஜ் செய்யலாமே என்றால், எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினாலும் அது 43,750 ரூபாய். மாதம் முழுவதும் பாடுபட்டு மிஞ்சுவது 658 ரூபாய். பேட்டரியை யாரேனும் இலவசமாகக் கொடுத்தாலும் கதை இதுதான். மாலையில் நாங்கள் சுமையை 200 கிலோவாட்டுக்கு மேல் இறக்கிக் கொடுத்ததற்கு மின்தேவைக் கட்டணத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

பேட்டரியால் வேறு பயனும் உண்டு. லேமினேட்டரில் பேனல் இருக்கும்போது மின்சாரம் போனால் படலம் பாதி வெந்த நிலையில் நின்றுவிடும். அந்தத் தொகுதியை நம்பி விற்க முடியாது. ஜெனரேட்டர் எழுந்து வரும் சில விநாடிகளைப் பேட்டரி தாங்கும். ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மட்டுமே தரும் டீசலும் மிச்சம். ஆயினும் அது எங்கள் சொந்த இலாபம். அதற்காக ஆணையத்திடம் சலுகை கேட்பது முறையல்ல.

1902-இல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம், நம் தமிழர் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கவயலுக்குத்தான் முதலில் போனது. பெங்களூரின் தெருவிளக்குகள் 1905-இல்தான் எரிந்தன. சுரங்கம் இருந்த இடத்துக்கு அன்று கம்பி இழுத்தார்கள். பாவகடாவில் மட்டும் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா உள்ள இன்றைய மாநிலத்தில், மின்சாரம் மலிந்திருக்கும் நேரத்துக்கு நுகர்வைக் கொண்டுபோவதுதான் வேலை. அதைச் சொந்தச் செலவில் செய்ய முன்வருபவரின் பில் ஏறக் கூடாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மாநில அளவில் நண்பகல் மின்சாரம் மிகுந்திருந்தாலும், ஆலைகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒரு குறிப்பிட்ட பீடர் கம்பியிலோ டிரான்ஸ்பார்மரிலோ அந்நேரத்தில் இடம் இல்லாமல் போகலாம். எல்லா ஆலையும் ஒரே வேளையில் இழுத்தால் கம்பி தாங்காது. ஆகவே கட்டுப்பாடற்ற விலக்கு வேண்டாம். பேட்டரிக்குத் தனி மீட்டர் வைத்து, விநியோக நிறுவனம் பீடரைப் பார்த்து அனுமதித்த அளவுக்குள், வெயில் நேரத்தில் சார்ஜ் ஆகும் மின்சாரத்தை மட்டும் உச்சக் கணக்கிலிருந்து கழித்தால் போதும். மாலை உச்ச நேரத்தில் சார்ஜ் செய்பவரிடம் முழுக் கட்டணமும் வசூலியுங்கள். எவ்வளவு குறைவாக இழுத்தாலும் ஒப்பந்தம் செய்த மின்தேவையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்கு எப்படியும் மின்தேவைக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதியையும், மாலைத் தேவையை நிலையாகக் குறைத்துக் காட்டும் ஆலைகளுக்காக மறுபரிசீலனை செய்யலாம். அது அடுத்த படி.

அடுத்த கட்டண விசாரணையில் இதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆலையின் பதினைந்து நிமிட மீட்டர் பதிவுகளை, ஓராண்டுக்கு உரியவற்றை, ஆணையத்தின் பொறியாளர்கள் கேட்கும் வடிவில் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பீன்யாவிலிருந்து ஒரு மின்பொறியாளர்